இரவுக்கு என்ன? வாரச் சாப்பாட்டைத் திட்டமிட்டு, மீந்ததையும் பயன்படுத்தும் முறை

மாலை ஏழு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்துவைத்து "ராத்திரிக்கு என்ன பண்றது?" என்று நிற்பவர்களில் பலர் நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள்தான். நம் இரவுச் சாப்பாட்டில் பெரும்பாதி ஊறவோ, அரைபடவோ, புளிக்கவோ வேண்டியது. அடைக்கு இரண்டு மணி நேரமாவது ஊற வேண்டும். கொண்டைக்கடலைக்கு எட்டு மணி நேரம். இட்லிக்கு முதல் நாளே அரைத்திருக்க வேண்டும். ஏழு மணிக்கு யோசிக்க ஆரம்பித்தால் இவை எதுவுமே கைக்கு எட்டாது. ரவை உப்புமாவும் கடைப் பரோட்டாவும்தான் மிச்சம்.

அதனால் இங்கே சொல்லப்போகும் எல்லாமே ஒரு வேலைக்காகத்தான்: இன்றிரவு சாப்பாட்டு முடிவை நேற்றிரவுக்கு நகர்த்துவது. புதிதாகக் குடித்தனம் வைத்த உறவுக்காரப் பிள்ளைகளுக்கு இதை உட்கார வைத்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் எங்கெங்கே தடுமாறினார்கள் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

இருவரும் வேலைக்குப் போகிற, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற, நான்கு பேர் வீட்டை மனதில் வைத்து எழுதுகிறேன். காலையில் சாதம், குழம்பு, பொரியல் வைத்து மதியத்துக்கு டப்பா கட்டுவது, இரவில் டிபன் என்பது இந்த வீட்டின் வழக்கம். தனியாக இருப்பவர்கள் அளவைக் குறைத்துக்கொண்டால் போதும், வரிசை மாறாது.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

பெரிய செலவு ஒன்றும் இல்லை. மூடி இறுக்கமாக உட்காரும் எவர்சில்வர் டப்பாக்கள் ஐந்தாறு வேண்டும். அதில் குறைந்தது இரண்டு அகலமாக, உயரம் குறைவாக இருக்கட்டும். சூடான உணவு அகலமான பாத்திரத்தில் சீக்கிரம் ஆறும், அதற்காக.

மாவுக்கு ஒரே பெரிய தூக்குக்குப் பதிலாக நடுத்தரப் பாத்திரங்கள் மூன்று. காரணத்தை நான்காவது படியில் சொல்கிறேன்.

சுவரில் மாட்டும் மாதக் காலண்டர் ஒன்று, அதன் பக்கத்திலேயே கயிற்றில் கட்டிய பேனா. கைபேசிச் செயலியில் எழுதினால் எழுதியவர் மட்டும்தான் பார்க்கிறார். அடுப்படிச் சுவரில் இருந்தால் முதலில் வீட்டுக்கு வருபவர் யாராக இருந்தாலும் படித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

2. வாரத்தின் நாட்களைக் குறியுங்கள், சமையலை அப்புறம் பார்க்கலாம்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, எடுத்த எடுப்பில் பலகாரப் பெயர்களை எழுதுவது. திங்கள் பூரி, செவ்வாய் இடியாப்பம் என்று பட்டியல் அழகாக வந்துவிடும். செவ்வாய்க்கிழமை பிள்ளைக்கு டியூஷன், கணவர் வர ஒன்பது மணி, இடியாப்பம் பிழிய யாருமே வீட்டில் இல்லை. அந்தப் பட்டியல் அன்றோடு போயிற்று.

ஆகவே நாட்களின் குணத்தை முதலில் எழுதுங்கள். யார் எத்தனை மணிக்கு வருவார்கள், எந்த நாள் நின்று சமைக்க நேரம் இருக்கும், எந்த நாளில் ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடுவார்கள் என்று. ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடும் நாளில் தோசை வைத்தால் ஒருவர் இரவு முழுக்க அடுப்படியிலேயே நிற்க வேண்டியிருக்கும். அந்த நாளுக்குப் பொங்கல், கலந்த சாதம் போல ஒரே தடவையில் செய்து மூடிவைக்கக்கூடியது பொருந்தும்.

அதோடு உங்கள் வீட்டு வழக்கங்களையும் குறியுங்கள். அசைவம் கூடாத வெள்ளி அல்லது செவ்வாய், பெரியவர்கள் இரவில் சோறு தொடாமல் பலகாரம் மட்டும் சாப்பிடும் சனிக்கிழமை, வெங்காயம் பூண்டு சேர்க்காத அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி மாதம் முழுதும் என்று வீட்டுக்கு வீடு ஏதாவது இருக்கும். ஞாயிறு வைத்த கறிக்குழம்பைத் திங்களுக்கு நம்பியிருக்கும்போது திங்கள் அமாவாசையாக இருந்தால் திட்டம் கவிழும். காலண்டரில் முன்கூட்டியே ஒரு வட்டம் போட்டால் தீர்ந்தது.

3. உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓடும் பலகாரங்களை முன்வேலையை வைத்துப் பிரியுங்கள்

புதிய சமையல் குறிப்பு எதையும் தேட வேண்டாம். வீட்டில் எல்லோரும் முகம் சுளிக்காமல் சாப்பிடும் பத்துப் பன்னிரண்டு பலகாரங்களை எழுதினால் போதும். பிறகு ஒவ்வொன்றையும் இந்த மூன்றில் ஒன்றில் போடுங்கள்.

முன்வேலை இல்லாதவை: ரவை உப்புமா, சேமியா, வெண்பொங்கல், கோதுமை ரவைக் கிச்சடி, தக்காளி சாதம், கோதுமை மாவுக் கரைத்த தோசை. வீட்டுக்கு வந்து 30, 40 நிமிடத்தில் சாப்பிட்டுவிடலாம்.

ஊற வைக்க வேண்டியவை: அடை, பெசரட்டு, சப்பாத்திக்குச் சன்னா அல்லது பட்டாணிக் குருமா. சமைக்க நேரம் அதிகம் ஆகாது, முந்தின இரவு ஞாபகம் மட்டும் வேண்டும்.

மாவு வேண்டியவை: இட்லி, தோசை, ஊத்தப்பம், குழிப்பணியாரம்.

இப்படிப் பிரித்து எழுதினாலே பல வீடுகளில் விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். முதல் வகையில் இரண்டே இரண்டு பலகாரம் இருக்கும், வாரம் முழுக்க அவையே மாறி மாறி வந்துகொண்டிருக்கும். உப்புமா என்றால் பிள்ளைகள் அலறுவதற்குக் காரணம் உப்புமா இல்லை, அது வரும் வேகம்தான்.

வாரத்தின் ஆறு வேலைநாள் இரவுகளில் மூன்று மாவுக்கு, ஒன்று ஊற வைப்பதற்கு, ஒன்று சப்பாத்திக்கு, ஒன்று முன்வேலை இல்லாததற்கு என்று வைத்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இது சரியாக உட்காரும்.

4. மாவை வைத்து வாரத்தைக் கட்டுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். இது சரியாக அமைந்தால் வாரத்தின் பாதி தானாக நகரும்.

அளவு: 1 கிலோ இட்லி அரிசி, 250 கிராம் முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். அதாவது நாலுக்கு ஒன்று. இதற்குச் சுமார் 3 கிலோ மாவு வரும். நான்கு பேருக்கு ஒரு இட்லி இரவு, ஒரு தோசை இரவு, ஒரு ஊத்தப்பம் அல்லது பணியார இரவு என்று மூன்று வேளைக்குச் சரியாக இருக்கும். காலைக்கும் இதிலேயே கைவைத்தால் பற்றாது. ஒன்று அளவைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் காலைக்கு வேறு வழி பாருங்கள்.

நேரம்: ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்கு ஊற வைத்து, ஐந்து மணிக்கு அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து வெளியே வையுங்கள். திங்கள் காலை பொங்கியிருக்கும். வேலைக்குக் கிளம்புமுன் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். சனிக்கிழமையே அரைக்கலாமே என்று கேட்பார்கள். அரைத்தால் ஞாயிறு காலை, ஞாயிறு இரவு என்று நேரம் இருக்கும் நாட்களிலேயே மாவு தீர்ந்துபோய், நேரமில்லாத புதன், வியாழனுக்கு ஒன்றும் இருக்காது.

சென்னை, மதுரை வெயிலில் ஏப்ரல், மே மாதங்களில் ஆறேழு மணி நேரத்திலேயே மாவு பொங்கிவிடும். அப்போது அரைப்பதை இரவு ஒன்பது மணிக்குத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் காலையில் பாத்திரத்தைத் தாண்டி வழிந்திருக்கும். மார்கழியில் 12 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அப்போது பாத்திரத்தை அணைத்த அடுப்பின் பக்கத்திலோ மூடிய அலமாரியிலோ வைத்தால் உதவும்.

பிரித்து வைத்தல்: அரைத்தவுடனேயே மாவை மூன்று பாத்திரங்களில் ஊற்றிப் புளிக்க விடுங்கள். ஒரே தூக்கில் வைத்து ஒவ்வொரு இரவும் வெளியே எடுத்து, கரண்டியால் கலக்கி, மிச்சத்தைத் திரும்ப உள்ளே வைத்தால் ஒவ்வொரு தடவையும் மாவு சூடேறி மேலும் புளிக்கும். வியாழன் வருவதற்குள் வாயில் வைக்க முடியாது. தனித்தனியாக இருந்தால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுக்கிறோம், மற்ற இரண்டும் அசையாமல் இருக்கும். இட்லிக்கான பாத்திரத்தை ஊற்றும் வரை அதிகம் கலக்காதீர்கள். மாவில் உள்ள காற்று போனால் இட்லி தட்டையாக வரும்.

வரிசை: முதலில் இட்லி, அடுத்து தோசை, கடைசியில் ஊத்தப்பம் அல்லது பணியாரம். மாவு புளிக்கப் புளிக்க இட்லிக்கு ஆகாது, தோசைக்கு ஆகும். அதற்கும் மேல் புளித்தால் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துச் சேர்க்கும் பணியாரத்தில் அந்தப் புளிப்பு பொருந்தும். வரிசையை மாற்றி முதலில் தோசை ஊற்றிவிட்டு மூன்றாம் நாள் இட்லி வைத்தவர்கள் அதன்பிறகு மாவையே குறை சொல்வார்கள்.

கடையில் மாவு பாக்கெட் வாங்கும் வீட்டுக்கும் இதே வரிசைதான். வாங்கும்போது எப்போது அரைத்தது என்று கேட்டு, அதற்கேற்ப இட்லியா தோசையா என்று தீர்மானியுங்கள்.

5. காலையில் குழம்பு வைக்கும்போதே இரவுக்கும் பங்கு எடுங்கள்

மீந்துபோவது வேறு, மீத்து வைப்பது வேறு. மீந்துபோனது கரண்டி பட்டு, மேசையில் ஆறி, பாதி தேங்காயும் பாதி காயுமாக இருக்கும். மீத்து வைத்ததைச் சமைத்த சட்டியிலிருந்தே சுத்தமாக எடுத்திருப்போம். இரவு இதில் பலகாரம் செய்வது எளிது, வீட்டிலும் "மிச்சமா?" என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பருப்பு வேக வைக்கும்போது ஒரு டம்ளருக்குப் பதிலாக ஒன்றரை டம்ளர் வையுங்கள். குக்கருக்கு அதே விசில்தான், அதே கேஸ்தான். தாளிப்பதற்கு முன் அந்தக் கூடுதல் அரை டம்ளர் பங்கை எடுத்து வைத்தால் இரவு இட்லி சாம்பாருக்கோ சப்பாத்திக்குப் பருப்புக் கடைசலுக்கோ ஆகும். எதுவும் சேர்க்காத பருப்பு எந்தப் பக்கமும் திரும்பும். சாம்பாராகிவிட்டால் அது சாம்பார் மட்டும்தான்.

பொரியலைத் தேங்காய் போடுவதற்கு முன்பே இரண்டாகப் பிரியுங்கள். தேங்காய்ப்பூ சேர்ந்த பொரியல் நம் ஊர்ச் சூட்டில் மாலைக்குள் வாடை அடிக்கத் தொடங்கும். தேங்காய் போடாத பங்கு ஃபிரிட்ஜில் மறுநாள் இரவு வரை நன்றாக இருக்கும். இந்த ஒரு பழக்கத்தாலேயே குப்பைக்குப் போகும் பொரியல் வெகுவாகக் குறைவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

வெங்காயம் தக்காளி வதக்கும் நாளில் இரட்டிப்பாக வதக்கி, எண்ணெய் பிரியும் வரை சுருளவிட்டு, ஒரு பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு கரண்டி தொக்கில் சன்னா, முட்டை, பட்டாணி எது சேர்ந்தாலும் பத்து நிமிடத்தில் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள ஒன்று தயார். ஈரக் கரண்டி மட்டும் போடக் கூடாது.

6. எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

சோற்றில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் அலட்சியம் அதிகம். அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். அவை வேகும் சூட்டையும் தாங்கிவிடும். வெந்த சோறு வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். அப்புறம் எவ்வளவு சூடாக்கினாலும் வாந்தியைக் கொடுக்கும் அந்த நச்சு போகாது. காலை ஏழு மணிக்கு வைத்த சோற்றை குக்கரிலேயே மூடிவைத்துவிட்டு இரவு எட்டு மணிக்கு எலுமிச்சை சாதம் கிளறுவது சரியில்லை. மதியத்துக்குக் கட்டியது போக உள்ளதை அகலமான டப்பாவில் பரப்பி, ஆறவிட்டு, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே. அதை அன்றிரவு அல்லது மறுநாள் தீர்த்துவிடுங்கள், ஒரே ஒரு முறை மட்டும் ஆவி பறக்கச் சூடாக்குங்கள்.

ஃபிரிட்ஜின் உள்சூடு 5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கோடையில் மின்வெட்டு நீண்டால் கதவைத் திறக்காமல் வைத்திருங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லையென்றால் சமைத்த சாப்பாட்டைத் தூக்கிப்போடுவதே நல்லது.

அன்றே தீர வேண்டியவை: தேங்காய்ச் சட்னி, அவியல், தேங்காய் அரைத்த கூட்டு, கீரை மசியல், மோர்க்குழம்பு. கடைசியில் சொன்னது கெடுவது மட்டுமில்லை, திரும்பக் கொதிக்க வைத்தால் திரிந்தும் போகும். இவற்றை அளந்து செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

மறுநாள் இரவு வரை: சாம்பார், ரசம், பருப்பு, தேங்காய் இல்லாத பொரியல், சுண்டல், குருமா, கறிக்குழம்பு.

அதற்கு மேலும் தாங்குபவை: வற்றல் குழம்பு, புளிக்குழம்பு, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு. புளியும் உப்பும் நல்லெண்ணெயும் தூக்கலாக இருப்பதால் இவை நிற்கின்றன. மீன் குழம்பு மறுநாள் ருசி கூடும். துண்டுகளில் புளியும் காரமும் இறங்கியிருக்கும் என்பதால்தான். ஆனால் அதையும் ஃபிரிட்ஜில் வைத்தே மறுநாள் எடுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, முழுப் பாத்திரத்தையும் சூடாக்கி, சாப்பிட்டு, மிச்சத்தைத் திரும்ப உள்ளே வைப்பது. வேண்டியதைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து அதை மட்டும் சூடாக்குங்கள்.

நூல் விடுகிற, நுரைக்கிற, வாடை மாறிய எதையும் "கொதிக்க வைத்தால் சரியாகிவிடும்" என்று அடுப்பில் ஏற்றாதீர்கள். வீணாகிறதே என்ற வருத்தம் புரிகிறது. அந்த வருத்தத்தை அடுத்த நாள் அளவைக் குறைப்பதில் காட்டலாம்.

7. மீந்ததைப் பலகாரமாக மாற்றுதல்

நான் கடைப்பிடிக்கும் விதி: மீந்த பண்டத்தோடு அன்றைக்குப் புதிதாகச் செய்த ஒன்று கட்டாயம் சேர வேண்டும். ஒரு தாளிப்பு, ஒரு சட்னி, பொரித்த அப்பளம், நறுக்கிய வெங்காயம் என்று எதுவானாலும் சரி. பழையது என்று பிள்ளைகள் ஒதுக்குவது பெரும்பாலும் வாசனையை வைத்துத்தான். கடுகும் கறிவேப்பிலையும் நெய்யில் வெடித்த வாசம் வந்தால் தட்டு காலியாகும்.

சாதம்: ஃபிரிட்ஜில் இருந்த சோறு உதிரியாக இருக்கும் என்பதால் எலுமிச்சை சாதத்துக்கும் புளிக்காய்ச்சலுக்கும் புதுச் சோற்றைவிட நன்றாக அமையும். முதலில் நன்றாகச் சூடாக்கி, பிறகு கலக்குங்கள். எலுமிச்சைச் சாறு மட்டும் அடுப்பை அணைத்த பிறகு, இல்லாவிட்டால் கசக்கும். ஒரு கிண்ணம்தான் இருக்கிறதென்றால் ரவை, கொஞ்சம் தயிரோடு மிக்ஸியில் அரைத்து தோசையாக ஊற்றலாம். மெத்தென்று வரும்.

சாம்பார்: இரண்டு கிண்ணம் இருந்தால் சோறு, எடுத்து வைத்த பருப்பு, கொஞ்சம் வெந்நீர் சேர்த்துக் குழையக் கொதிக்கவிட்டு, சின்ன வெங்காயத்தை நெய்யில் வதக்கிக் கொட்டுங்கள். சாம்பார் சாதம். கொஞ்சமாக இருந்தால் உருளைக்கிழங்கைப் போட்டுச் சுண்டவிட்டால் சப்பாத்திக்கு ஆகும்.

சப்பாத்தி: மறுநாள் விறைத்துப்போன சப்பாத்திக்குக் கொத்து சப்பாத்தியைவிட நல்ல முடிவு இல்லை. வெங்காயம், தக்காளி வதக்கி, முட்டை உடைத்து ஊற்றி, மீந்த குருமா இரண்டு கரண்டி விட்டு, கிழித்த சப்பாத்தியைப் போட்டுப் புரட்டுங்கள். குருமா அதிகமானால் களியாகிவிடும்.

இட்லி: உப்புமாவுக்கு உதிர்க்கும்போது இட்லி ஆறிக் குளிர்ந்திருக்க வேண்டும். சூட்டோடு உதிர்த்தால் கையில் ஒட்டி மாவாகும். மதிய டப்பாவுக்கு என்றால் பொடியும் நல்லெண்ணெயும் புரட்டிய சின்னத் துண்டுகள் போதும்.

பொரியல்: கோஸ், கேரட், பீன்ஸ் பொரியல் அடை மாவில் கலந்தால் தனியாகத் தொட்டுக்கொள்ளவே வேண்டாம். ஊத்தப்பத்தின் மேல் தூவலாம். பீட்ரூட் பொரியலை வேகவைத்த உருளைக்கிழங்கோடு பிசைந்து தட்டிக் கல்லில் போட்டால் கட்லெட். காய் சாப்பிடாத பிள்ளைகளிடம் இது எளிதாகப் போகிறது.

வாரத்தில் இரண்டு இரவுகளுக்கு மேல் இப்படிச் செய்யாதீர்கள். மூன்றாவது முறை வந்தால் அது சமையல் கெட்டிக்காரத்தனம் இல்லை, காலையில் அளவு தவறுகிறது என்று அர்த்தம்.

8. காய்கறி வாங்கும் வரிசை

சீக்கிரம் வாடுவதை முதலில் சமைப்பது, அவ்வளவுதான். கீரையும் புதினா, மல்லியும் வாங்கிய மறுநாளுக்குள். வெண்டைக்காய், கத்தரிக்காய், பீன்ஸ், புடலை அடுத்த இரண்டு மூன்று நாள். கோஸ், கேரட், பீட்ரூட், சௌசௌ, பூசணி, சேனை வாரக் கடைசிக்கு. உழவர் சந்தைக்கு ஞாயிறு காலை போகிறவர்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு போங்கள், ஆனால் காயின் பெயரை அழுத்தி எழுதாதீர்கள். "கீரை ஒன்று, சீக்கிரம் வாடுவது இரண்டு, கிழங்கு இரண்டு" என்று எழுதினால் அன்று எது மலிவோ, எது இளசோ அதை எடுக்கலாம்.

9. இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் ஐந்து நிமிடம்

மேலே சொன்னதெல்லாம் நடப்பதும் நடக்காததும் இந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. அடுப்படி விளக்கை அணைக்கும் முன் காலண்டரைப் பாருங்கள், ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள், இரண்டையும் பொருத்துங்கள். நாளை இரவு என்ன, அதற்கு இப்போது என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலும் பதில் ஒரே ஒரு வேலையாக இருக்கும். கடலை ஊறப் போடுவது, ஃப்ரீசரில் இருந்து எதையாவது கீழே இறக்கி வைப்பது, துண்டுச் சீட்டில் "தயிர் வாங்க" என்று எழுதுவது.

ஊற வைப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அடைக்கான அரிசி பருப்பைக் காலை எட்டு மணிக்கு வெளியே ஊற வைத்துவிட்டு வேலைக்குப் போய் மாலை ஏழு மணிக்குத் திறந்தால், வெயில் நாளில் நுரைத்து வாடை அடிக்கும். ஊற வைத்த பாத்திரத்தை ஃபிரிட்ஜிலேயே வைத்துவிட்டுப் போங்கள், மாலையில் பதமாக இருக்கும். கொண்டைக்கடலையை இரவில் ஊற வைத்து, காலையில் தண்ணீரை வடித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மாலை வந்ததும் குக்கரில் ஏற்றிவிட்டு முகம் கழுவப் போகலாம்.

சப்பாத்தி மாவையும் முந்தின இரவே பிசைந்து, மேலே எண்ணெய் தடவி, மூடி ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஒரு நாளுக்கு மேல் வைத்தால் நிறம் கறுக்கும். தேய்ப்பதற்கு இருபது நிமிடம் முன் வெளியே எடுத்தால்தான் மிருதுவாக வரும்.

இந்த ஐந்து நிமிடமும் வீட்டில் ஒருவர் தலையிலேயே விழக் கூடாது. சமைக்கிறவர் ஒருவர் என்றால் பார்த்து ஊற வைக்கிறவர் மற்றவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். யோசிப்பதும் வேலைதான். பெரும்பாலான வீடுகளில் பெண்களைக் களைக்க வைப்பது சமைப்பதைவிட இந்த யோசனைதான்.

10. ஒரு மாதிரி வாரம்

ஞாயிறு: மதியம் கறிக்குழம்பு அல்லது மீன் குழம்பு, சோறு. மாலையில் மாவு அரைப்பு. இரவு மதியக் குழம்போடு சோறு, புதிதாக ஒரு ரசம்.

திங்கள்: இட்லி, காலையில் எடுத்து வைத்த பருப்பில் சாம்பார், தேங்காய்ச் சட்னி. படுக்கும் முன் சப்பாத்தி மாவு பிசைதல்.

செவ்வாய்: சப்பாத்தி. தொட்டுக்கொள்ள நேற்றைய சாம்பாரில் உருளைக்கிழங்கு போட்டுச் சுண்ட வைத்தது, அல்லது தொக்கில் பட்டாணி.

புதன்: தோசை, காரச் சட்னி. படுக்கும் முன் அடைக்கு அரிசி பருப்பு ஊற வைத்து ஃபிரிட்ஜில்.

வியாழன்: அடை, மதியப் பொரியலில் தேங்காய் சேர்க்காத பங்கைக் கலந்து. வெல்லம் ஒரு துண்டு.

வெள்ளி: குழிப்பணியாரம். மாவு இன்றோடு தீர்ந்துவிட வேண்டும்.

சனி: வெண்பொங்கல், கொத்சு. அரிசிக்குப் பாதி பாசிப்பருப்பு. ஆளுக்கொரு நேரத்தில் வந்தாலும் குக்கரில் சூடாக இருக்கும்.

இதை அப்படியே எடுத்து ஒட்ட வேண்டாம். உங்கள் வீட்டு நாட்களின் குணத்தோடு பொருத்தி நகர்த்துங்கள். மாவின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

11. திட்டம் உடையும் நாளுக்கு

விருந்தாளி வருவார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், அலுவலகத்தில் நேரமாகும். அப்படிப்பட்ட இரவுக்கென்று ஒரு பலகாரத்தை மட்டும் தீர்மானித்து, அதன் சாமான்கள் எப்போதும் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வறுத்த சேமியா, பருப்புப் பொடியும் நெய்யும், முட்டை என்று எதுவாகவும் இருக்கலாம். அந்தச் சாமானை வேறு நாளில் எடுத்தால் உடனே திரும்ப வாங்கி வையுங்கள்.

அன்றைக்குச் செய்யாமல் விட்ட பலகாரத்தை மறுநாளுக்குத் தள்ளுங்கள், ஆனால் கெடும் பொருளை வைத்துத் தீர்மானியுங்கள். ஊறிய கடலை காத்திருக்காது. பிசைந்த மாவும் காத்திருக்காது. ரவை காத்திருக்கும்.

12. முதல் மாதம் முடிந்ததும்

காலண்டரை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு இரவும் நடந்தது நடக்காதது என்று ஒரு குறி போட்டிருந்தால் எந்த நாள் திரும்பத் திரும்பத் தவறுகிறது என்று தெரியும். அந்த நாளில் வைத்த பலகாரத்தை முன்வேலை இல்லாத ஒன்றாக மாற்றுங்கள்.

எது அடிக்கடி மீந்தது என்றும் பாருங்கள். சோறு மீந்தால் காலையில் ஒரு கைப்பிடி அரிசி குறையுங்கள், ஒரு வாரம் பார்த்துவிட்டு மறுபடி ஒரு கைப்பிடி. ஒரேயடியாகக் குறைத்தால் பற்றாமல் போய், அடுத்த நாளே பயந்து பழைய அளவுக்கே திரும்பிவிடுவோம். குழம்பு மீந்தால் புளியையும் காயையும் சேர்த்தே குறைக்க வேண்டும். தண்ணீரை மட்டும் குறைத்தால் குழம்பு கெட்டியாகிப் புளிக்கும், யாரும் தொட மாட்டார்கள், மறுபடியும் மீந்து நிற்கும்.